ஆத்தங்குடியில் சூளை கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவைக் கல்லூரிக்குள் விடலாமா கூடாதா என்று வாசகர்கள் எழுதிவருவதைப் படிக்கிறேன். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் 19 ஆண்டுகளாக வேதியியல் நடத்துகிறேன். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

போன பருவத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம், எங்கள் பக்கத்து ஊர் ஆத்தங்குடியில் செய்யும் வண்ணத் தரைக்கல்லான ஆத்தங்குடி கல் எப்படி இறுகுகிறது என்று எழுதிவரச் சொன்னேன். 41 தாள்கள் வந்தன. பாதிக்கு மேல் ஒரே நடை, 'சூளையில் சுட்டு' என்பது உட்பட. கைபேசிச் செயலியைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். செராமிக் கல்லுக்கு அது சரியான பதில்தான். நான் திட்டவில்லை. சனிக்கிழமை எல்லோரையும் டவுன் பஸ்ஸில் ஏற்றி ஆத்தங்குடிக்கே கூட்டிப்போனேன்.

அங்கே சூளை ஏது? கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, அதன்மேல் மணலும் சிமென்டும் போட்டு அழுத்துகிறார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். "ஊறாத கல்லு உதிர்ந்துபோகும் ஆத்தா" என்றார் அங்கே வேலை பார்த்த பெரியவர். சிமென்டில் உள்ள கால்சியம் சிலிக்கேட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது, காய்ந்து அல்ல. நான் வருஷா வருஷம் பலகையில் எழுதும் அந்தச் சமன்பாடு, தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. கண்ணாடியிலிருந்து பெயர்த்த கல்லில் ஒரு மாணவி தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

திங்கட்கிழமை அதே செயலியை வகுப்பிலேயே திறக்கச் சொன்னேன். இம்முறை கேள்விகள் வேறு. தண்ணீர் உப்பாக இருந்தால் என்ன ஆகும், இன்னும் நான்கு நாள் ஊறினால் வலு கூடுமா? வந்த பதில்களில் எது சரி, எது தப்பு என்று அவர்களே கோடு போட்டார்கள். எல்லாம் தமிழில். ஆங்கிலத்துக்குப் பயந்து கடைசி பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள்தான் அன்று அதிகம் பேசினார்கள். இதற்காகவே இந்தக் கருவி வகுப்பறைக்குள் வேண்டும் என்கிறேன்.

ஆனால் எங்கள் அகமதிப்பீட்டு 25 மதிப்பெண்ணில், எழுதிக் கொடுத்த தாளுக்குத்தான் இடம். செயலி சொன்னதை நேரில் சோதித்த குறிப்பேட்டுக்கும், ஆசிரியர் எதிரே வாய்திறந்து விளக்குவதற்கும் ஒன்றுமில்லை. பாடத்திட்டக் குழுக்கள் அதில் 10 மதிப்பெண்ணையாவது இவற்றுக்கு ஒதுக்க வேண்டும். பயணச் செலவையும் கல்லூரிகளே ஏற்க வேண்டும். மாணவிகளுக்கு டவுன் பஸ் இலவசம். பையன்களுக்கு அன்று நான்தான் டிக்கெட் எடுத்தேன்.

வேதியியல் உதவிப் பேராசிரியை,
காரைக்குடி