இடம்பெயர்ந்தோர் நலன்புரிச் சங்கம்: 1997ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே,

1996 யூலையில் இலங்கை இராணுவத்தின் ‘சத்ஜெய’ நடவடிக்கை வன்னியில் தொடங்கியபோது, கிளிநொச்சி, பரந்தன், உருத்திரபுரம் ஆகிய இடங்களிலிருந்து கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு அக்கராயன் பக்கம் வந்து சேர்ந்த குடும்பங்களே எமது அங்கத்தவர்கள். எங்களுள் சிலர் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலம் கடந்து வந்தவர்கள். ஆகவே அவர்களுக்கு இது முதல் இடப்பெயர்வு அன்று. 1997 மே 13ஆம் திகதி ‘ஜெயசிக்குறு’ இராணுவ நடவடிக்கை தொடங்கியபின் ஓமந்தை, நெடுங்கேணிப் பகுதி மக்களும் வடக்கு நோக்கி வர, கூலிவேலை தேடுவோர் பெருகினர். இருந்த வேலையைப் பலர் பங்குபோட வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சோறாவது தாங்களே உழைத்துப் போடவேண்டும் என்று நிற்கும் தாய் தகப்பன்மாருக்கு இந்நிலையில் சங்கம் என்ன செய்தது, எதைச் செய்ய முடியாமற் போயிற்று என்பதையே இவ்வறிக்கையில் சொல்ல விரும்புகிறேன்.

ஐந்து பேருள்ள குடும்பமொன்றுக்கு அரச நிவாரணமாக மாதம் 1,260 ரூபாய் பெறுமதியான உலருணவு என்ற அளவு பல ஆண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்டது. விலைவாசி எவ்வளவு ஏறியும் அத்தொகை மாறவில்லை என்பதால், ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பெறுமதிக்குக் கிடைக்கும் அரிசியும் மாவும் பருப்பும் குறைந்துகொண்டே வருகின்றன. லொறிகள் பிந்தும் மாதங்களில் அதுவும் இல்லை. எங்கள் மக்கள் நிவாரணத்தை நம்பிச் சோம்பியிருக்கிறார்கள் என்று சொல்லப்படுவதை நான் முற்றாக மறுக்கிறேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சொந்த வயல் விதைத்தவர்கள் இன்று வவுனிக்குளத்தின் கீழ் மற்றவர் வயலில் புல்லுப் பிடுங்குகிறார்கள்; அந்த வேலையும் கிடைக்காத நாட்களில் கோடரியோடு காட்டுக்குப் போகிறார்கள்.

விறகுத் தொழிலே இவ்வாண்டு எமது அங்கத்தவர் பலரின் அடுப்பை எரிய வைத்தது. விடியமுன் போய்ப் பட்ட மரம் பார்த்து வெட்டி, சயிக்கிள் கரியரில் இருபுறமும் தடி கொடுத்துக் கட்டி, மிதிக்க முடியாத பாரத்தை மல்லாவிச் சந்தைவரை தள்ளிக்கொண்டே போகும் தகப்பன், விற்ற காசில் அன்றைய அரிசியை வாங்கிக்கொண்டு இருட்டில் திரும்புகிறார். இத்தொழிலில் முதலில் அழிவது ரயர்தான். வெடித்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓட்டியும் சில நாட்களுக்குமேல் தாங்குவதில்லை என்பதால், சுழற்சி நிதியிலிருந்து ரயர், ரியூப் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு விற்பனைக்குப் பின்னும் இயன்றதைத் திருப்பிக் கட்டும் ஏற்பாட்டைச் செய்தோம். வாங்கியவர்கள் மனச்சாட்சியோடு கட்டி வருகிறார்கள். மலேரியாவில் படுத்தவர்களிடம் அந்த நாட்களுக்குரிய தவணையைக் கேட்பதில்லை என நிர்வாக சபை தீர்மானித்தது. உழைப்பவர் காய்ச்சலில் விழுந்தால் வீட்டில் உலை வைப்பதே நின்றுவிடும் என்பதை எவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குத்தகைக் காணியில் மிளகாயும் வெங்காயமும் வைத்தவர்களின் பாடு வேறுவிதமானது. யூரியாவுக்கு அரசு தடை விதித்திருந்தது. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் அதன் விலைக்கு நீர்ப்பம்பி இயக்கக் கட்டுப்படியாகாது. மாட்டெருவும் பூவரசங் குழையும் தாட்டு, துலாவால் அள்ளி இறைத்துத்தான் அவர்கள் பயிரைக் காப்பாற்றினார்கள். விளக்குக்கும் எண்ணெய் போதாமையால், பிள்ளைகள் இரவிற் படிப்பதற்குப் பொதுக் கொட்டிலில் ஒரு விளக்கு ஏற்றினோம். அதற்குரிய எண்ணெயைத் தங்கள் பங்கிலிருந்து முறைவைத்து ஊற்றிய தாய்மாருக்கு நன்றி கூறுகிறேன்.

எனக்கு மிகுந்த மனவருத்தம் தரும் விடயம் நிவாரணம் பெறுவதற்கான குடும்ப அட்டை பற்றியது. அட்டை கணவனின் பெயரில் இருக்கிறது. கணவன் காணாமற்போயிருந்தால், அல்லது வவுனியாவுக்குப் போய், திரும்பி வருவதற்கான பாஸ் (பயண அனுமதி) கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டால், மனைவி தன் பெயருக்கு அதை மாற்றக் கேட்கும்போது மரணச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்கிறார்கள். கணவன் திரும்பி வருவான் என்று காத்திருக்கும் பெண் அத்தகைய பத்திரத்துக்கு எப்படி விண்ணப்பிப்பாள்? அப்படி விண்ணப்பிக்கச் சொல்வதே அவளுக்குச் செய்யும் கொடுமை. கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தலோடும் அயலவர் இருவரின் கையொப்பத்தோடும் சங்கம் தயாரித்த கடிதங்கள் சிலவற்றுக்குப் பலன் கிடைத்தது. மற்றவை இன்னும் கிடப்பில் இருக்கின்றன. அதுவரை அக்குடும்பங்களுக்குக் கடைகளில் கடன் வாங்கச் சங்கம் பிணை நிற்கிறது. காதிலிருந்த தோட்டைக்கூட விற்றுவிட்ட தாய்மாரிடம் கடைக்காரர் வேறு எதைப் பிணையாகக் கேட்க முடியும்?

பாடசாலையை விட்டுத் தகப்பனோடு விறகுக்குப் போகும் சிறுவர்களைப் பற்றிய பேச்சு கூட்டங்களில் அடிக்கடி எழுந்தது. பெற்றோரைக் கடிந்துகொள்ள வேண்டும் என்ற கருத்தோடு நான் உடன்படவில்லை. அவர்களை வீடுவீடாகச் சந்தித்தபோது, மகனைப் படிப்பிக்க விரும்பாத ஒருவரையும் நான் காணவில்லை. தகப்பன் நோயாளியாகவோ இல்லாமலோ போன வீடுகளிலேயே மூத்த பிள்ளை கோடரியைத் தூக்கியிருக்கிறது. அத்தகைய வீடுகளுக்கே கோழிக்குஞ்சு, தையல் வேலை போன்ற உதவிகளை முதலில் கொடுத்து வருகிறோம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன். ஒன்று, கணவன் இல்லாத குடும்பங்களின் அட்டைகளை மரணச் சான்றிதழ் கேளாது தாயின் பெயருக்கு மாற்றித் தருமாறு, பெயர்ப்பட்டியலோடு பிரதேச செயலாளரிடம் பொது மனுவொன்றைக் கையளித்தல். மற்றது, சுழற்சி நிதியின் ஒரு பகுதியைப் பெண்களுக்கென ஒதுக்குதல். மனுவில் பெயர் சேர்க்க வேண்டியவர்கள் அட்டையின் பிரதியோடு கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அட்டையே தொலைந்துபோனவர்களும் வரலாம், அவர்களுக்கு வேறாக ஒரு கடிதம் எழுதுவோம்.

செயலாளர்