யோய்க் கேட்ட மாலைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்பான ஊரவர்களுக்கு,

பெப்ரவரி 6, வட ஐரோப்பாவின் பழங்குடிகளான சாமி மக்களின் தேசிய நாள். அதையொட்டித் தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் ஒழுங்குசெய்த, யோய்க் என்ற சாமி மரபுப் பாட்டின் பாடகரும் கவிஞருமான ஆய்லோஹாஷின் நினைவு மாலை நிகழ்ச்சி நல்லபடி நடந்து முடிந்தது. அந்தக் குளிரிலும் மண்டபம் நிறைந்திருந்தது. அதற்காக உழைத்த எல்லோருக்கும் பெற்றோர் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன்.

வரமுடியாமல் போனவர்களுக்காக அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நில்ஸ்-அஸ்லாக் வால்கெயாபா என்பது பதிவுப் பெயர். சாமி மக்களுக்கு அவர் ஆய்லோஹாஷ். 1943 இல் பின்லாந்தின் வடமேற்கு மூலையில், எனொன்தேகியோவில், துருவமான் மேய்க்கும் குடும்பத்தில் பிறந்தார். அந்தப் பரந்த நிலத்தில் இன்றைக்கும் இரண்டாயிரம் பேர் இல்லை. யோய்க் பாடுவது பாவம் என்று தேவாலயத்தில் போதித்த காலம் அது. பள்ளிக்கூடத்திலும் அதற்கு இடமில்லை. 1968 இல் அவர் யோய்க்கைக் கிற்றாரோடு சேர்த்து இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த குரலை இளையவர்கள் நிமிர்ந்து நின்று பாடியதில் அந்தத் தட்டுக்குப் பெரிய பங்குண்டு. 1991 இல் அவருடைய கவிதை நூல் ஒன்றுக்கு, வட ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான நோர்டிக் கவுன்சிலின் இலக்கியப் பரிசு கிடைத்தது. 1994 இல் நோர்வேயின் லில்லஹாமரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் உலகமே கேட்க யோய்க் பாடினார். 2001 நவம்பரில், ஜப்பான் பயணம் முடித்துத் திரும்பிய கையோடு காலமானார்.

முதல் நன்றி, பிள்ளைகள் எல்லோரும் "அம்மம்மா" என்றே கூப்பிடும் எங்கள் சாமி அயலவருக்கு. ஒருவருக்காகக் கட்டிய யோய்க், கட்டியவருக்கு அல்ல, அந்த ஆளுக்கே சொந்தம் என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினீர்கள். பிறகு உங்கள் காலஞ்சென்ற அண்ணரை யோய்க் பாடினீர்கள். சொல் என்று பார்த்தால் இரண்டு மூன்றுதான். மிச்சமெல்லாம் "லோ, லோ, லா" என்ற ஓசை. ஆனால் ஒவ்வொரு அடியிலும் ஓரிடத்தில் குரல் நொண்டியது. அவருக்கு ஒரு கால் ஏலாது என்று நீங்கள் சொல்ல முதலே முன்வரிசைப் பிள்ளை ஒன்று கண்டுபிடித்துவிட்டது. யோய்க்குக்குத் தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை என்பார்களே, அன்றைக்கு நேரே பார்த்தோம். நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி கேட்டீர்கள். கைதட்டுவதா இல்லையா என்று மண்டபமே முழித்தது!

நூலகப் பொறுப்பாளருக்கு அடுத்த நன்றி. பரிசு பெற்ற அந்தக் கவிதை நூலின் நோர்வேஜியப் பதிப்பு எளிதாகக் கிடைக்கும். நீங்களோ சாமி மொழி மூலப் பதிப்பைத்தான் கொண்டுவர வேண்டும் என்று நின்று, வேறொரு நூலகத்திலிருந்து எடுப்பித்தீர்கள். ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களில் கிடந்த பழைய சாமிப் படங்களை ஆய்லோஹாஷ் தேடிச் சேர்த்து அந்தப் பதிப்பில் வைத்தார். மொழிபெயர்ப்புகளில் அந்தப் படங்களைச் சேர்க்க அவர் விடவில்லை. தன் மக்களின் முகங்கள் தன் மக்களிடமே திரும்பிப் போகட்டும் என்று நினைத்திருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஓரிடத்தில் துருவமான்களைக் குறிக்கும் சொற்கள் மந்தை நகர்வதுபோலப் பக்கம் பக்கமாகச் சிதறிக் கிடக்கின்றன. பிள்ளைகள் அவற்றின்மேல் விரலை நகர்த்திப் பார்க்க, அம்மம்மா ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டு வந்தார்: இது கொம்பை வைத்து, இது நிறத்தை வைத்து, இது வயதை வைத்து.

முட்டையிடக் கரைக்கு வரும் ஸ்க்ரை என்ற கொட் மீன் வந்து குவிகிற மாதத்தில் மாலை வேலையை மாற்றித் தந்த மீன் தொழிற்சாலை மேற்பார்வையாளருக்கும், எங்களுக்குப் பதிலாக நின்று மீன் வெட்டிய போலந்து, லித்துவேனியத் தோழர்களுக்கும் மிகப் பெரிய நன்றி. எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து வட நோர்வேயின் இந்தக் கரையோர ஊர்களுக்கு வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். பலர் பிறகு ஒஸ்லோவுக்குப் போய்விட்டார்கள். இப்படியொரு நிகழ்ச்சியை அங்கே பெரிய மேடை போட்டே செய்திருக்கலாம். ஆனால் யோய்க் பாடுகிறவரும் கேட்கிறவரும் ஒரே தெருவில் பனி தள்ளுகிற ஊரில்தான் இதைச் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாக நம்புகிறேன்.

பிடோஸ் என்ற துருவமான் இறைச்சிக் குழம்பைப் பெரிய கிடாரத்தில் காய்ச்சிக் கொண்டுவந்த குடும்பத்துக்கும், ரோல்ஸ் பொரித்த அக்காமாருக்கும், ஒலிபெருக்கி கட்டிய தம்பிக்கும், மண்டப வாசலில் பனி வழித்த அண்ணைக்கும் நன்றி.

மூலப் பதிப்பை இந்த மாதக் கடைசிவரை இங்கேயே வைத்திருக்க நூலகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. வெளியே கொடுக்க மாட்டார்கள், அங்கேயே இருந்து பார்க்கலாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். சனிக்கிழமைகளில் அம்மம்மாவும் அங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் சார்பில் ஒருவர்