அம்மாவின் நகைப் பணம்: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

அம்மாவின் முதல் திவசத்துக்கு முன்பே முடிவெடுத்துவிட்டேன். நகையில் என் பங்கை விற்ற பணத்தை, அம்மா புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலேயே, நோயாளிகளும் உடன் வருவோரும் உட்கார ஓர் அறை கட்டக் கொடுத்துவிட்டேன். அது மருத்துவக் கருவி வாங்கப் போகவேண்டும் என்பதே உங்கள் விருப்பம் எனத் தெரிந்தும் கேட்காமல் செய்ததற்கு மன்னியுங்கள், கேட்டிருந்தால், "அறை யாரைக் காப்பாற்றும்?" என்றிருப்பீர்கள், நானும் வழக்கம்போல வாயடைத்துப் போயிருப்பேன்.

உங்களைத்தான் அண்ணா. ஒரு கீமோ நாளில் உங்களைத் தேடி மாடிப்படியில் இறங்கினேன். படி திரும்பும் இடத்தில், சுவரைப் பார்த்தபடி, தயிர்சாதப் பொட்டலத்தை மடியில் பிரித்து வைத்திருந்தீர்கள். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஊறுகாய் எண்ணெய் தாளைத் தாண்டி வேட்டியில் இறங்கியிருந்தது. "இங்க உக்காராதீங்க சார்" என்று ஊழியர் சொன்னதும், முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தீர்கள். அப்பா போனபோதுகூட அழாத நீங்கள் அழுவதற்கு அத்தனை பெரிய கட்டடத்தில் ஓர் இடமில்லை. நான் அரவமின்றித் திரும்பிவிட்டேன்.

அன்று இரவு நீங்கள் என்னிடம் பேசியதை, உறவினர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், இங்கே எழுதவில்லை. மறக்கவுமில்லை. இரவெல்லாம் அம்மாவின் வாந்தியை ஏந்தியவளிடம் பேசும் பேச்சா அது?

1993-இல் ஸ்காட்லாந்தில் மேகி கெஸ்விக் ஜென்க்ஸ் என்ற பெண்ணிடம், புற்றுநோய் திரும்பிவிட்டது, இன்னும் சில மாதங்கள்தான் என்று சொன்ன கையோடு, அடுத்தவர்கள் காத்திருப்பதாகக் கூறி ஜன்னலில்லாத நடைவழிக்கு அனுப்பினார்கள். புற்றுநோயாளிகளுக்காக அவர் 1995-இல் இறக்கும்வரை திட்டமிட்ட இல்லம், மறு ஆண்டு எடின்பரோ மருத்துவமனை வளாகத்தின் பழைய குதிரை லாயத்தில் திறக்கப்பட்டது. அங்கே வரவேற்பு மேசை கிடையாது. யாரும் தேநீர் போட்டுக்கொண்டு உட்காரும் சமையலறை மேசைதான் நடுநாயகம். நீங்கள் ஆதாரம் கேட்பவர் என்பதால் இதையும் சொல்கிறேன்: 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைக்குப் பின் மரங்களைப் பார்த்த ஜன்னலருகே படுத்திருந்தவர்களுக்கு, செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிட வீரியமான வலிமருந்து குறைவாகவே தேவைப்பட்டது, வீட்டுக்கும் முன்னதாகத் திரும்பினார்கள். மரம் புற்றுநோயைக் குணமாக்கும் என்று நான் சொல்லவில்லை.

கீமோவால் வெள்ளையணுக்கள் குறைந்தவர்கள் அருகே, கிருமித்தொற்று பயத்தால், மண்தொட்டியும் பூவும் கூடாது என்பதால், நம் அறையில் பச்சை முழுவதும் கண்ணாடிக்கு வெளியே இருக்கும். ஊதுபத்தி, ஃபினாயில் நெடி எதுவும் உள்ளே வராது; அம்மாவுக்கு எந்த வாசனையும் குமட்டியதை நீங்களும் பார்த்தீர்கள். உள்ளே தாழிட்டுக்கொள்ளும் சிறிய அறை ஒன்றும் கேட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மேஸ்திரி அளவெடுக்க வருகிறார். மேற்கு வெயில் விழாமல் ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்பது வீடு கட்டிய உங்களுக்குத்தான் தெரியும். வாருங்கள். வராவிட்டால் நானே முடிவுசெய்துவிடுவேன். பிறகு குறை சொல்லக்கூடாது.

உங்கள் தங்கை