பார்சலில் வரும் கிண்ணம் கோணலாகத்தான் இருக்கும்

கணபதி, கோவை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நலமறிய ஆவல். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று உன் மகள் போனில் சொன்னாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே, குனிந்து எதையும் தூக்காதே என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். நீ எங்கே கேட்கப் போகிறாய்? ஐ.டி.ஐ.யில் கிரைண்டிங் வீல் முன்னால் கண்ணாடி போடச் சொன்ன வாத்தியாரிடமே மல்லுக்கு நின்ற ஆள் நீ. இந்தத் தடவையாவது சொன்னபடி இரு. இந்தக் கடிதத்தைக்கூட நீயே படிக்காதே, பேரனைப் படிக்கச் சொல்லிக் கேள்.

நாளைக்கு லாரி பார்சலில் ஓர் அட்டைப்பெட்டி போடுகிறேன். உள்ளே ஒரு மரக்கிண்ணம். போன வருஷம் ஆடியில் நீ அனுப்பிய பூவரசுத் துண்டுதான் அது. கிண்ணம் வட்டமாக இருக்காது. மேலேயிருந்து பார்த்தால் கொஞ்சம் முட்டை மாதிரி தெரியும், விளிம்பும் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கும். வழியில் எங்கோ நசுக்கிவிட்டார்கள் என்று பார்சல் ஆபீஸில் போய்ச் சண்டை பிடிக்காதே. பெட்டியில் வைக்கும்போதே அப்படித்தான் இருந்தது. அது எப்படி அப்படி ஆனது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

லேத்துக்காரன் ரிட்டயர் ஆகியும் லேத்தை விடமாட்டானா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். உன் தங்கச்சியும் இதையேதான் கேட்கிறாள். ஆனால் லேத்தில் இரும்பைச் சுழற்றிக் கடைவதும் மரத்தைக் கடைவதும் ஒரே வேலை இல்லை, மாப்பிள்ளை. பம்பு கம்பெனியில் நான் கடைந்ததெல்லாம் ஷாஃப்ட். டூல் போஸ்டில் டூலை இறுக்கிவிட்டால் அப்புறம் கைப்பிடியைச் சுற்றுவதுதான் வேலை. பேரிங் உட்காரும் இடத்தில் 0.02 மி.மீ. கூடினால் ஜாப் திரும்பி வந்துவிடும். மரத்தில் டூல் போஸ்டே கிடையாது. குறுக்கே ஓர் இரும்புக் கட்டை நிற்கும். அதன்மேல் உளியை வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, பிடியை இடுப்போடு ஒட்டிவைத்து, உடம்பை அசைத்துத்தான் வளைவு கொண்டுவர வேண்டும். 36 வருஷ அனுபவஸ்தன் என்ற நினைப்போடு போய் நின்றேன். முதல் மாதம் என்னைப் பார்த்திருந்தால் ஹெல்பர் வேலைக்குக்கூட நீ எடுத்திருக்க மாட்டாய்.

மெஷின் நானே சேர்த்ததுதான். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில், கட்டையைப் பிடித்துச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் ஒன்று கிடைத்தது. அதைத் தாங்கும் பெட்டுக்கு இரண்டு சி-சேனல் இரும்பு, 1 எச்.பி. மோட்டார், நாலு படி புல்லி. அடியில் நாலு மணல் மூட்டை. மூட்டை எதற்கென்றால், அறுத்த கட்டை எப்போதும் ஒரு பக்கம் கனமாக இருக்கும், மோட்டாரைப் போட்டதும் மொத்த மெஷினும் நடக்க ஆரம்பித்துவிடும். முதல் நாள் ஓர் அடி நகர்ந்துபோய் என் சைக்கிளை முட்டியது. வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து ஆர்.பி.எம்.மால், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பதால், பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் நடுவில் வர வேண்டும். பத்து அங்குலக் கிண்ணம் என்றால் 600 முதல் 900 வரை. கரடுமுரடான கட்டையை அதற்கும் கீழே வைத்துத்தான் தொடங்கவேண்டும். நமக்கு இதெல்லாம் வேகமே இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

நினைத்ததற்குக் கிடைத்தது. போன வருஷம் ஒரு புளியங்கட்டை. உளியில் தீட்டிய சாய்வு முகம் மரத்தின்மேல் உரசிக்கொண்டே இருக்க வேண்டும்; முனை அதற்கு அப்புறம்தான் வெட்ட வேண்டும். சாய்வை விட்டு முனை தனியாக மாட்டிக்கொண்டால் மரம் உளியைப் பிடித்து இழுத்துவிடும். உளி கடித்துவிட்டது என்று நான் சொல்லிக்கொள்வேன். அன்றைக்குப் போன் அடித்தது, அரைக்கண் அந்தப் பக்கம் போனது, அவ்வளவுதான். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கிண்ணம் அதைப் பிடித்திருந்த சக்கிலிருந்து கழன்று என் முகமூடியில் அடித்து, கூரைத் தகரத்தில் மோதி, துணி ஊறவைத்த வாளியில் போய் விழுந்தது. முகமூடியின் பிளாஸ்டிக் குறுக்கே கீறிவிட்டது. அது இல்லையென்றால் உன் பக்கத்துக் கட்டிலில் நானும் கண்ணுக்குக் கட்டுப்போட்டுப் படுத்திருப்பேன். அன்றையிலிருந்து உன் தங்கச்சிக்கு ஒரு பழக்கம். மோட்டார் சத்தம் நின்று அரை நிமிஷத்துக்குள் நான் இருமவோ பாடவோ செய்யாவிட்டால் வந்து எட்டிப் பார்க்கிறாள்.

சரி, உன் பூவரசுக்கு வருகிறேன். வெட்டின உடனே இரண்டு முகத்திலும் மெழுகு பூசு என்று சொல்லியிருந்தேன். நீ வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சின பச்சைப் பெயின்டைப் பூசி அனுப்பியிருந்தாய். அதுவே போதும். மரம் ஈரத்தை நார் முனைகள் வழியாக, அதாவது வெட்டு முகத்தில்தான் வேகமாக விடும். அங்கே அடைக்காவிட்டால் முனை மட்டும் முந்திக்கொண்டு காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் விட்டுக்கொடுக்காது, வெடித்துவிடும். கஜாவில் உன் பலா சாய்ந்தபோது, 2018 நவம்பர் இல்லையா, அத்தனையும் விறகுக்குப் போனது. அப்போது எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்திருக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அந்தப் புயலில் கிளை மட்டும் ஒடிந்து தப்பின பூவரசு உன் காம்பவுண்டுச் சுவருக்குத் தப்பவில்லை. கோபித்துக்கொள்ளாதே, சும்மா சொன்னேன். பதினெட்டு வயசுத் தடியன்கள் இரண்டு பேர் அந்த மரத்து இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதி, மதியத் தூக்கத்தைக் கெடுத்ததற்கு உன் அப்பா துண்டை உதறிக்கொண்டு துரத்தினாரே, நினைவிருக்கிறதா?

கிண்ணத்தை மரம் நிற்கிற வாக்கில் குடைந்து எடுப்பதில்லை. கட்டையை நீளவாக்கில், நடுப்புள்ளி வழியாக இரண்டாகப் பிளந்து, பாதிக்கு ஒன்றாகப் படுக்கைவாக்கில் எடுக்க வேண்டும். நடுப்புள்ளியை விட்டுவைத்தால் அங்கேயிருந்துதான் முதல் வெடிப்பு கிளம்பும். மரக்கடைக்காரர் செயின் ரம்பத்தால் பிளந்து கொடுத்தார். பிளந்ததும் அவரே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஓரத்தில் வெளிறு மோர் நிறம், உள்ளே வைரம் கருஞ்சிவப்பு, நடுவில் யாரோ பேனாவால் கோடு போட்ட மாதிரி. "இதைப் போய் விறகு விலைக்குத் தள்ளுறாங்களே சார்" என்றார். தள்ளுவதே அவர்தான் என்று நான் சொல்லவில்லை.

ஈர மரத்தைக் கடைவது தனி சுகம். உளி பட்டதும் ரிப்பன் ரிப்பனாகச் சுருள் பறந்து தோளில் விழுந்தது. முகமூடியில் தண்ணீர்த்துளி தெறித்தது. இரும்புச் சுருள் நீலமாக, சூடாக விழும், தொட்டால் கை போய்விடும். இதைக் கையில் அள்ளினால் குளுகுளுவென்று இருந்தது. சுவர் மெலிய மெலியச் சத்தம் மாறும். முதலில் தொம்மென்று இருப்பது மெல்லச் சன்னமாகிக்கொண்டே வரும். மைக்ரோமீட்டரைத் தேடுகிற கை சும்மா இருக்க, காதால் கனம் பார்க்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

இரண்டு பாதியையும் இரண்டு விதமாகச் செய்தேன். ஒன்றைத் தடியாகவே நிறுத்தினேன். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விடுவது வழக்கம், பத்து அங்குலத்துக்கு ஓர் அங்குலம். அதைச் சுருளோடு சேர்த்துக் காகிதச் சாக்கில் கட்டிக் கட்டிலடியில் போட்டேன். வாரம் ஒரு தடவை தராசில் நிறுத்தி, எடை இறங்குவது நின்ற பிறகு திரும்ப லேத்தில் ஏற்றி வட்டம் பிடித்து முடித்தேன். ஏழு மாதம் ஆனது. இன்னொன்றை முதல் நாளே 6 மி.மீ. கனத்துக்கு இறக்கிவிட்டு அதன் போக்கில் விட்டேன். உனக்கு வருவது இதுதான்.

பழக்கதோஷம், தினமும் காலையில் காபிக்கு முன்னால் வெர்னியரை எடுத்துப்போய் அளந்தேன். கடைந்து இறக்கும்போது எந்தப் பக்கம் வைத்தாலும் விட்டம் 254 மி.மீ. ஒரு மாதம் கழித்து நாரின் நீளவாக்கில் 253, குறுக்கே 244. மரம் நீளத்தில் கிட்டத்தட்டச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். அதிலும் வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல்லாம் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் ஏதோ ஒரு நாள் காலையில், 10 மி.மீ. அவுட் ஆன ஜாபைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எந்த இன்ஸ்பெக்டரும் திருப்பி அனுப்ப முடியாது என்று தோன்றியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வட்டமான கிண்ணம் நான் செய்தது. இதைப் பாதி நான் செய்தேன், மீதியை உன் மரம் செய்துகொண்டது. அதனால்தான் வட்டத்தை நான் வைத்துக்கொண்டு இதை உனக்கு அனுப்புகிறேன்.

அப்புறம் ஒன்று கேள். என் அப்பத்தா அடுப்படியில் உப்பு போட்டுவைத்திருந்த கருத்துப்போன மரப்பாத்திரம் நீ பார்த்திருப்பாய். மரவை என்பாள். உலோகத்தை உப்பு தின்றுவிடும், மரத்தை ஒன்றும் செய்யாது. அது எப்படிச் செய்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. மோர் கடைகிறோம், கீரை கடைகிறோம், மரமும் கடைகிறோம். ஏன் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்று இப்போதுதான் உறைத்தது. அப்பத்தா மத்தில் கயிற்றைச் சுற்றி இப்படியும் அப்படியும் இழுப்பாள் அல்லவா? மோட்டார் வராத காலத்தில் கடைசல்காரரும் அப்படித்தான். மரத்தில் கயிற்றைச் சுற்றி ஓர் ஆள் மாற்றி மாற்றி இழுப்பார். மரம் தன்னை நோக்கிச் சுழலும்போது மட்டும் கடைசல்காரர் உளியைக் கொடுப்பார், திரும்பும்போது எடுத்துவிடுவார். இங்கிலாந்தில் பக்கிள்பரி என்ற இடத்தில் ஜார்ஜ் லெய்லி என்று ஒருவர், 1958இல் இறந்தவர், காலால் மிதித்துச் சுழற்றும் கடைசலில் கிண்ணம் செய்தே வாழ்ந்திருக்கிறார். கொக்கி மாதிரி வளைந்த உளி வைத்து ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கிண்ணம் எடுப்பாராம். அவருடைய கருவிகள் ரெடிங் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நான் ஒரு கிண்ணத்துக்கு மூன்று சாக்குச் சுருளை அள்ளிக் கொட்டுகிறேன். அவர் பார்த்தால் என்னை உதைப்பார்.

மற்ற மரங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். வேம்பு கடைந்தால் அன்றைக்குச் சாப்பாடே கசக்கும், தூசி தொண்டைவரை போய்விடும். தேக்கில் சிலிக்கா உண்டு, உளி சீக்கிரம் மொக்கையாகும், பெயருக்குத்தான் ராஜா. பலா புதிதாக மஞ்சள் பொடி நிறத்தில் இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டு ஆறு மாதத்தில் பழுப்பாகும். பூவரசுதான் எனக்குப் பிடித்தது. ஹவாய்த் தீவில் இதை மிலோ என்கிறார்கள். சாப்பாட்டில் வாடை ஏற்றாது என்று அங்கே அந்தக் காலத்திலிருந்தே இதில் கிண்ணம் செய்திருக்கிறார்கள். இங்கே மாட்டுவண்டிக்கும் வேலிக்கும் போனது.

கிண்ணத்துக்கு ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு கொடுத்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய் தடவலாமே என்று உன் வீட்டில் சொல்வார்கள், வேண்டாம். அது காயாது, பிசுபிசுத்துப் பின்னால் சிக்கு வாடை அடிக்கும். ஆளி எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும். இறுகும்போது சூடாகும் என்பதை நான் அனுபவத்தில் கற்றேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிச் சுருள் வாளியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன், வந்து பார்த்தால் புகை. இப்போதெல்லாம் துணியைத் தண்ணீரில் நனைத்து, வெளியே கொடியில் விரித்துக் காயப்போட்ட பிறகுதான் சோறு. கிண்ணத்தில் பொரி போடலாம், சுண்டல் போடலாம், பழம் வைக்கலாம். ரசம் ஊற்றாதே. ஊறவைத்துக் கழுவாதே. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வீட்டில் இப்போது 34 கிண்ணம் இருக்கிறது. சாவிக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று, பூண்டுக்கு ஒன்று, என் பல்செட்டுக்குக்கூட ஒன்று. விற்றால் என்ன என்கிறான் பையன். ஒரே ஒரு தடவை ஒருவர் கேட்டார் என்று 600 ரூபாய்க்குக் கொடுத்தேன். மணிக்கணக்குப் போட்டுப் பார்த்தால் பட்டறையில் கூட்டுகிற பையன் என்னைவிட அதிகம் வாங்குகிறான். அதுகூடப் பரவாயில்லை, பணம் வாங்கினதும் விளிம்பைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன், பழைய இன்ஸ்பெக்ஷன் நாள் மாதிரி. அதோடு விட்டேன். கல்யாண வீட்டில் என்னைக் கலைஞர் என்று ஒருவர் அறிமுகப்படுத்தினார். டர்னர் என்று திருத்தினேன்.

பேத்திக்கு ஒரு செப்பு செட் கடைந்து கொடுத்தேன். அடுப்பு, பானை, குடம், அம்மி. கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்தில் பொம்மை கடைகிறவர்கள் செய்கிற மாதிரி, சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்திப் பார்த்தேன். உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏற வேண்டும். அவர்கள் தாழை ஓலையால் தேய்த்துப் பளபளப்பு கொண்டுவருகிறார்கள். எனக்குத் திட்டுத்திட்டாகத்தான் வந்தது. குழந்தைக்கு அது பெரிதில்லை, முதல் நாளே குடத்தில் நிஜத் தண்ணீர் ஊற்றிவிட்டாள்.

உன் மூட்டுவலி எப்படி? மகன் துபாயிலிருந்து பொங்கலுக்கு வருவான் என்றாயே, டிக்கெட் போட்டாயிற்றா? கண் சரியானதும் ஒரு வாரம் இங்கே வந்து இரு. உளி தீட்டுவதில் உன் கைக்கு இன்றும் என் கை ஈடில்லை. என் உளியின் சாய்வு 45 டிகிரி என்று நான் சொல்வேன், நீ பார்த்துவிட்டு இல்லை என்பாய், அதையும் கேட்டு நாளாகிவிட்டது.

கடைசியாக ஒன்று. உன் மைத்துனர் தோப்பில் ஒரு பழைய பலா பட்டுப்போய் நிற்கிறது, வெட்டப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். கிளையெல்லாம் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும். அடிமரத்தில் இரண்டு முழத்துக்கு ஒரு துண்டு எனக்கு. வெட்டின அன்றே இரண்டு முகத்திலும் பெயின்ட் அடிக்கச் சொல், நிழலில் போடச் சொல். பச்சைப் பெயின்ட் மிச்சம் இருக்கிறதா?

உன் பழைய பெஞ்சுத் தோழன்