கவிஞன் கட்டிய பெயர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீடே மகிழ்ந்துபோனது. இங்கே எல்லோரும் நலம். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இரவிலும் படிக்க முடிகிறது.

பெயர் விஷயத்தில் மகனோடு மல்லுக்கு நிற்பதாக எழுதியிருக்கிறாய். சாமி பெயரும் இல்லை, பாட்டி பெயரும் இல்லை, அவனாகக் கட்டிய பெயர் நிலைக்குமா என்பது உன் கவலை. அண்மையில் படித்த ஸ்வெத்லானா என்ற ரஷ்யப் பெண் பெயரின் கதையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

கேட்டால் ஆதிகால ஸ்லாவியப் பெயர் போலத்தான் இருக்கிறது. உண்மையில் அதை உருவாக்கியவர் அலெக்சாந்தர் வஸ்தோகவ் என்ற கவிஞர். 'ஒளி' என்று பொருள்படும் 'ஸ்வெத்' என்ற சொல்லிலிருந்து, 1802-இல் எழுதிய ஒரு வீரக் கதைப்பாடலின் நாயகிக்காக இதைக் கட்டினார். ஆனால், பெயரை ஊரறியச் செய்தவர் வசீலி ஷுக்கோவ்ஸ்கி. அவருடைய 'ஸ்வெத்லானா' என்ற கதைப்பாடல் 1813-இல் வெளிவந்தது.

அதன் தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஜனவரி மாதத் திருநாளுக்கு முந்தைய இரவு. பெண்கள் கூடிக் குறி பார்க்கிறார்கள். காலணியைக் கழற்றி வாசலுக்கு வெளியே வீசுகிறார்கள். அதன் முனை நோக்கும் திசையில் மாப்பிள்ளை இருப்பான் என்பது அவர்கள் நம்பிக்கை. காதலன் தொலைதூரம் போய் ஓராண்டாகச் செய்தி இல்லாத ஸ்வெத்லானா மட்டும் நள்ளிரவில் கண்ணாடி முன் மெழுகுவத்தி ஏற்றி உட்காருகிறாள். அவன் வருகிறான், பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றிச் செல்கிறான், கடைசியில் அவன் பிணமாகக் கிடப்பதைக் காண்கிறாள். எல்லாம் கனவு. விடிந்ததும் வாசலில் உயிரோடு வந்து நிற்கிறான். ஒரு ஜெர்மானியப் பேய்க்கதைப் பாடலைத் தழுவியது இது. அங்கே நாயகிக்கு விடிவே இல்லை. இவளுக்கு விடியலைக் கொடுத்ததால்தான் இந்தப் பெயர் வாசகர் மனத்தில் ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம்.

மனத்தில் ஒட்டினாலும் குழந்தைக்கு வைக்க முடியவில்லை. ரஷ்யாவில் ஞானஸ்நானம் என்றால் புனிதர்களின் நாட்காட்டியில் உள்ள பெயர்தான் வைக்க வேண்டும். ஷுக்கோவ்ஸ்கியே 1808-இல் பாடிய ல்யுத்மிலாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பொஹீமியாவில் அந்தப் பெயரில் ஒரு புனிதர் உண்டு. ஸ்வெத்லானாவுக்கு யாரும் இல்லை. ஆசைப்பட்டவர்கள் வீட்டில் மட்டும் அப்படிக் கூப்பிட்டார்கள். கப்பலுக்குக்கூட வைத்தார்கள்: ஸ்வெத்லானா என்ற போர்க்கப்பல் 1905-இல் சுஷிமா கடற்போரில் மூழ்கியது. தேவாலயத்துக்கு வேண்டியபோது ஃபோதினா என்ற கிரேக்கப் பெயரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள். கிணற்றடியில் இயேசுவோடு பேசிய சமாரியப் பெண்ணுக்கு மரபு தந்த பெயர் அது. அதிலும் ஒளி இருக்கிறது.

1917 புரட்சிக்குப் பிறகு பிறப்பைப் பதிவது அரசு அலுவலகத்தின் வேலையாயிற்று, தடை நீங்கியது. 1926-இல் ஸ்டாலின் தம் மகளுக்கு இந்தப் பெயரை வைத்தார். பிறகு சோவியத் நாடெங்கும் வீட்டுக்கு வீடு 'ஸ்வேத்தா' என்ற செல்லக் குரல்தான். 1984-இல் விண்வெளியில் நடந்த முதல் பெண் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா. 2015-இல் இலக்கிய நோபல் பெற்ற பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்சியேவிச்.

ஸ்டாலின் மகள் நம் நாட்டுக்கும் வந்தார், நினைவிருக்கிறதா? தம் துணைவர் பிரஜேஷ் சிங்கின் அஸ்தியோடு 1966-இல் வந்தவர், மறு ஆண்டு டில்லியில் அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சம் கேட்டார். அமெரிக்காவில் மணமுடித்து லானா பீட்டர்ஸ் ஆனார். தந்தை கொடுத்த பெயரில் பாதியைக் கடைசிவரை வைத்திருந்தாரே, அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஆகவே மகனோடு சண்டையை விடு. அவன் ஆசைப்பட்ட பெயரையே வைக்கட்டும். உன் அம்மா பெயரை நீ செல்லமாகக் கூப்பிட்டுக்கொள். பெயர் சூட்டும் நாளை உடனே எழுது, முதல் நாளே நாங்கள் இருவரும் வந்துவிடுகிறோம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்