எதிர் வீட்டு அம்மா கொடுத்த நோட்டுகள்

கிளென் ஆலன், வர்ஜீனியா
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து நாலு மாதமாகிறது. பதில் எழுதவில்லை என்று குண்டனிடம் நீ என்னைத் திட்டித் தீர்த்ததெல்லாம் என் காதுக்கு வந்துவிட்டது. திட்டு, உனக்கு உரிமை இருக்கிறது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டு நிம்மதி. வாத்தியார் இன்னும் அந்த சைக்கிளை விற்கவில்லையாமே? விற்க மாட்டார், எழுதி வைத்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதிர் வீட்டு அம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு டென்னசியில் இருக்கிற மகளிடம் போய்விட்டார். பனி பெய்த வருஷம் உனக்கு ஒரு போட்டோ அனுப்பினேனே, என் வாசலில் மண்வாரியோடு நின்றாரே, அவர்தான். போன சனிக்கிழமை சாமான்களையெல்லாம் வாசலில் பரப்பி, ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு ஒட்டி விற்றுக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு அட்டைப்பெட்டியில் மட்டும் சீட்டு இல்லை. திறந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி கம்பிச்சுருள் நோட்டுகள், பதினொன்று. "அது விற்பனைக்கு இல்லை, உனக்கு எடுத்து வைத்தது" என்றார். ஒரு வாரமாக அவற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

அந்த அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ரிபப்ளிகன் கட்சி, அதுவும் கடன் வாங்காதே, வரியை ஏற்றாதே என்கிற பழமைப் பிடிப்புள்ள ஆள். 2008 வரை ஓட்டுப் போடுவதோடு சரி. அந்த ஆண்டு செப்டம்பரில் வங்கிகள் கவிழ்ந்தபோது, அவற்றைத் தூக்கி நிறுத்த 700 பில்லியன் டாலர் கேட்டு புஷ் அரசு மசோதா கொண்டுவந்தது. செப்டம்பர் 29 அன்று பிரதிநிதிகள் சபை அதைத் தோற்கடித்தது, பங்குச் சந்தை 777 புள்ளி சரிந்தது. அடுத்த நான்கே நாளில், அக்டோபர் 3 அன்று, அதே சபை நிறைவேற்றிவிட்டது. இந்தத் தொகுதியின் உறுப்பினர் எரிக் கேன்டர், 2000-இல் ஜெயித்து வந்தவர், இரண்டு முறையும் ஆதரித்து ஓட்டுப் போட்டார். வேண்டாம் என்று சொல்ல அந்த அம்மா அவருடைய அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்திருந்தார். முதல் நோட்டின் முதல் வரி அதுதான்: மூன்று போன், கேட்கவில்லை.

ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்புப் பேனாவால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்திருக்கிறார். முதல் பத்தியில் ஊருக்கு வந்தபோது கேன்டர் என்ன சொன்னார், இரண்டாவதில் வாஷிங்டனில் எப்படி ஓட்டுப் போட்டார், மூன்றாவதில் அதைப் பற்றித் தாம் என்றைக்கு, எத்தனை மணிக்குப் போன் செய்தார். சில பக்கங்களில் காபிக் கோப்பையின் வட்டம் பதிந்திருக்கிறது. அவர் போன் செய்வதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சமையலறைச் சுவரில் மாட்டிய போன், சுருண்ட வயர். எதிர்முனையில் கல்லூரி முடித்த வயசில் ஒரு பையனோ பெண்ணோ எடுத்ததும் முதலில் கேட்பது ஜிப் கோடு, நம்ம ஊர் பின் கோடு மாதிரி. வெளித்தொகுதி ஆள் என்றால் மரியாதையாகக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். உள்தொகுதி என்றால் குறித்துக்கொள்வார்கள். அந்த அம்மா அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே அந்த எண்ணைச் சொல்லிவிடுவார். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை.

2009 ஏப்ரல் 15, இங்கே வருமான வரி கட்டக் கடைசி நாள். அன்று நாடு முழுக்க, வரியையும் அரசுச் செலவையும் எதிர்த்துக் கிளம்பிய டீ பார்ட்டிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டியதன் ஞாபகமாக அந்தப் பெயர். ரிச்மண்டில் நடந்த கூட்டத்துக்கு அந்த அம்மா மடக்கு நாற்காலியோடு போனார். திரும்பி வந்தபோது அவரிடம் பன்னிரண்டு பேரின் போன் நம்பர் இருந்தது. அப்புறம் மாதம் ஒரு கூட்டம், யார் வீட்டிலாவது. பெரும்பாலும் பெண்கள், அவரைப் போல வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். மசோதாவை அச்செடுத்து, பிரித்துக்கொண்டு படிப்பார்கள். உன் கட்சிக்காரர்களில் எத்தனை பேர் ஒரு மசோதாவையாவது முழுதாகப் படித்திருப்பார்கள்? கோபப்படாதே, என் பக்கமும் அதே கதைதான்.

இப்போது நான் உனக்குச் சொல்ல நினைத்த பக்கத்துக்கு வருகிறேன். ஏழாவது நோட்டு, 2014 மார்ச் 27. முதல் பத்தியில் எழுத்து இருக்கிறது. மூன்றாவதில் நான்கு போன். நடுப் பத்தி மட்டும் வெள்ளையாக இருக்கிறது, அதைச் சுற்றிப் பேனா அழுந்த அழுந்த ஒரு கட்டம். என்ன நடந்ததென்றால், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் டாக்டர்களுக்குத் தரும் கட்டணத்தைக் குறைப்பதை இன்னும் ஓராண்டு தள்ளிப்போடும் மசோதா. அதற்கான செலவு சரிக்கட்டப்படவில்லை என்று அந்த அம்மாவின் கூட்டத்தாருக்கு ஆட்சேபம். போதுமான ஓட்டுத் திரட்ட முடியுமா என்ற சந்தேகம் வந்ததும், சபைத் தலைமை அதைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றிவிட்டது. 'ஆம்' என்பவர்கள் ஆம் என்று சொல்ல, மசோதா பாஸ். யார் ஆம் சொன்னார், யார் இல்லை சொன்னார் என்று எங்கும் பதிவே கிடையாது. வந்திருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்குபேர் கேட்டால் பெயர்வாரியாக எண்ணியே ஆக வேண்டும் என்று அவர்கள் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அன்று கேட்பதற்கு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து முடித்துவிட்டார்கள். கேன்டர் அப்போது பெரும்பான்மைக் கட்சியின் சபைத் தலைவர், சபாநாயகருக்கு அடுத்த நாற்காலி.

அன்று மாலை அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. "எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தாலும், ஆதரித்திருந்தாலும் எழுதியிருப்பேன். எழுத இடம் வைக்கவில்லையே" என்றார். அவருக்கு அத்தனை கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். இப்போது அந்த வெள்ளைக் கட்டத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஓட்டுப் போட்டவனுக்கு இருக்கிறதே அந்த ஒரே பிடி, என் ஆள் என்ன செய்தான் என்று தெரிவது. அதையும் பிடுங்கிவிட்டால் அவன் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பான்?

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. மே 10 அன்று தொகுதிக் கட்சி மாநாட்டில், சொந்தக் கட்சிக்காரர்களே கேன்டர் பேசும்போது கூச்சல் போட்டார்கள். அவருடைய ஆள் வகித்த தொகுதித் தலைவர் பதவியும் அன்றே கைமாறியது. ஜூன் 10 பிரைமரி, அதாவது கட்சிக்குள் யார் வேட்பாளர் என்று மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற தேர்தல். எதிர்த்து நின்றவர் டேவ் பிராட், ஆஷ்லாண்டில் ராண்டால்ஃப்-மேக்கன் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர். அவர் மொத்தத் தேர்தலுக்கும் செலவழித்தது சுமார் 2 லட்சம் டாலர். கேன்டர் தரப்பு 50 லட்சத்துக்கு மேல். அதில் இறைச்சி உணவகங்களில் விருந்துக்கு மட்டும் 1,68,000 டாலர் என்று கணக்கில் இருந்தது. கேன்டரின் சொந்தக் கருத்துக்கணிப்பு அவர் 34 புள்ளி முன்னால் இருப்பதாகச் சொன்னது.

அன்று விடியற்காலை ஆறு மணிக்கு வாக்குச்சாவடி திறக்கும் முன்பே அந்த அம்மா மடக்கு நாற்காலியோடு போய்விட்டார். வர்ஜீனியாவில் சாவடி வாசலிலிருந்து 40 அடிக்குள் பிரசாரம் செய்யக் கூடாது. அந்தக் கோட்டுக்கு ஒரு கை தள்ளி நாற்காலியைப் போட்டு, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார், ஒரு பக்கத்தில் கேன்டர் சொன்னது, மறுபக்கத்தில் ஓட்டுப் போட்டது, அவ்வளவுதான். மதியம் நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரவு ஏழுக்குச் சாவடி மூடியது, எட்டு மணிக்குப் பிறகு முடிவு தெரிந்துவிட்டது. பிராட் 55.5 சதவீதம், கேன்டர் 44.5. 1899-இல் அந்தப் பதவி உண்டானதிலிருந்து, சபைப் பெரும்பான்மைத் தலைவர் ஒருவர் பிரைமரியில் தோற்றது அதுதான் முதல் தடவை.

எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றால் இதையும் சொல்ல வேண்டும். அந்தத் தேர்தலில் பிராட் எடுத்த பெரிய ஆயுதம் குடியேற்றம். சிறுவயதில் பெற்றோரோடு வந்துவிட்ட பிள்ளைகளுக்குச் சட்ட அந்தஸ்து தரலாம் என்று கேன்டர் 2013-இல் பேசியதைப் பிடித்துக்கொண்டார். பெரிய கம்பெனிகள் மலிவான ஆளுக்காக வெளிநாட்டுக்காரர்களைக் கொண்டுவருகின்றன, கேன்டர் அவர்கள் பக்கம் என்றார். நான் அப்போது எச்-1பி விசாவில் இருந்தேன், மாப்ளே. கிரீன் கார்டு வரிசையில் ஆறாவது வருஷம். அந்த அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லும் நோட்டீஸ் கட்டுக்கட்டாக இருந்ததைப் பார்த்தேன். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. பத்து நாள் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு நேராகவே கேட்டேன், "நானும் அதில் ஒருத்தன்தானே?" அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "உன்னைப் பற்றி இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் நீ போகணும் என்று நான் எழுதவில்லை, அவர்கள் மறைத்துச் செய்கிறார்கள் என்றுதான் எழுதினேன்" என்றார். எனக்கு அந்தப் பதில் முழுசாகப் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை. ஆனாலும் பொய் சொல்லிச் சமாளிக்கவில்லை பார், அதனால்தான் மறுபடி அவர் வீட்டுக்குப் போனேன்.

இன்னொரு சண்டையும் போட்டிருக்கிறோம். 2012-இல் இண்டியானாவில் ரிச்சர்ட் லூகரை டீ பார்ட்டிக்காரர்கள் இதே மாதிரி பிரைமரியில் வீழ்த்தினார்கள். 36 வருஷம் செனட்டர். சோவியத் சிதறியபோது அங்கே கிடந்த அணு ஆயுதங்களைப் பாதுகாத்து அழிக்க, எதிர்க்கட்சிக்காரரான சாம் நன்னோடு சேர்ந்து சட்டம் கொண்டுவந்தவர். அவரைத் தள்ளிவிட்டு இவர்கள் நிறுத்திய ஆள் நவம்பரில் தோற்றார், சீட்டே போயிற்று. இப்படிப் பயந்து பயந்து எவன் அடுத்த கட்சியோடு உட்கார்ந்து பேசுவான் என்று கேட்டேன். "லூகருக்கு இண்டியானாவில் வீடு இருந்ததா, சொல்லு" என்றார். உண்மைதான், 1977-இல் விற்ற வீட்டின் முகவரியில்தான் அவர் ஓட்டு வைத்திருந்தார். எனக்கு லூகரை இழந்தது பெரிய நஷ்டம் என்றே படுகிறது. அந்த அம்மாவுக்கு வீடு இல்லாதது பெரிய விஷயமாகப் பட்டது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் எட்டாவது நோட்டைத் திறந்தபோது நான் அசந்துவிட்டேன். மேலே டேவ் பிராட் என்று பெயர். அதே சிவப்புக் கோடு, அதே மூன்று பத்தி. முதல் வரி 2015 ஜனவரி 6: சபாநாயகர் தேர்தலில் ஜான் பேனரை ஆதரிக்க மாட்டேன் என்றார், ஆதரிக்கவில்லை. பக்கத்தில் ஒரு டிக். தாமே வெயிலில் உட்கார்ந்து ஜெயிக்க வைத்த ஆளுக்கும் சலுகை இல்லை. 2017-இல் ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எடுத்துவிடப் போகிறார்கள் என்றதும், இந்தத் தடவை எதிர்க்கட்சிப் பெண்கள் கிளம்பினார்கள். கூட்டம் போடு, எங்களுக்குப் பதில் சொல் என்று பிராட் போகிற இடமெல்லாம் கேட்டார்கள். டீ பார்ட்டிக்காரர்கள் 2009-இல் செய்த அதே முறை. போகிற இடமெல்லாம் பெண்கள் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறார்கள் என்று பிராட் ஒரு கூட்டத்தில் அலுத்துக்கொண்டது செய்தியாகிவிட்டது. அந்தத் தேதிக்கு நேரே அந்த அம்மா எழுதியிருக்கிறார்: போன் செய்தேன், கூட்டம் போடச் சொன்னேன். அந்தப் பெண்களின் கொள்கை எதுவும் அவருக்குப் பிடிக்காது. இருந்தும் போன் செய்திருக்கிறார், காலை 9.10-க்கு. பிப்ரவரியில் பிராட் தொகுதியின் ஓரத்தில் பிளாக்ஸ்டோன் என்ற சின்ன ஊரில் கூட்டம் போட்டார், கூச்சலோடு முடிந்தது. 2018-இல் எதிர்க்கட்சியின் அபிகெய்ல் ஸ்பான்பெர்கரிடம் 2 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். ஒன்பதாவது நோட்டின் மேலே ஸ்பான்பெர்கர் பெயர்.

உன் கடிதத்தில் எழுதியிருந்தாயே, ஓட்டுக் கேட்க வந்தவர் அப்புறம் தெருப்பக்கமே வரவில்லை, சாக்கடை அப்படியே கிடக்கிறது என்று. நாலு பக்கம் திட்டியிருந்தாய். அந்த நாலு பக்கத்தை அவருக்கு அனுப்பினாயா, இல்லை எனக்கு மட்டும்தானா? கோபித்துக்கொள்ளாதே. நானும் குடியுரிமை வாங்கி மூன்று வருஷமாகிறது, ஒருநாள்கூடப் போன் செய்ததில்லை. முந்தாநாள் காலையில்தான் முதல் தடவை செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். ஜிப் கோடு கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். எங்கள் உறுப்பினர் அடுத்து எப்போது தொகுதிக்குள் நேரில் கூட்டம் போடுவார் என்று கேட்டேன். தேதி இன்னும் முடிவாகவில்லை, குறித்துக்கொள்கிறேன் என்றாள். கை லேசாக நடுங்கியது.

பதினோராவது நோட்டில் பாதி காலியாக இருக்கிறது. அதில் அந்த அம்மாவின் கடைசி வரிக்குக் கீழே தேதியும் நேரமும் போட்டிருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை மறுபடி கேட்பேன்.

அம்மாவிடம் சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல். வாத்தியாரிடம் சைக்கிளுக்கு நான் விலை பேசத் தயார் என்று சொல்லிப் பார், முகம் எப்படிப் போகிறது என்று எழுது. குண்டனிடம் வாங்கிய கடனை நீயே கொடுத்துவிடு, மார்கழியில் வரும்போது தருகிறேன்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்