கோயில் கணக்கை ஒட்டுகிறோம், ஆஸ்பத்திரிக் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் அத்தையை எங்கள் பகுதி அரசு ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனேன். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, அப்புறம் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியே முட்டி தேய்ந்தவர். காலை ஆறரைக்கே நம்பர் எடுத்து உட்கார்ந்தோம். பத்து மணிக்குக் கூப்பிட்டு, மெஷின் ரோசாக் (மலாயில் பழுது என்று அர்த்தம்), பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறோம் என்றார்கள். கதவில் ஒட்டியிருந்த தாளை அப்போதுதான் கவனித்தேன். ‘ரோசாக்’ என்று பெரிதாக எழுதியிருந்தது, செலோடேப் மஞ்சளாகி ஓரம் சுருண்டு கிடந்தது. ஒட்டி எத்தனை மாதமோ.

கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்தான், நிபுணரைப் பார்த்தால் ஐந்து வெள்ளி, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர வாடகைக் காருக்கு 140 வெள்ளி கொடுத்தோம். நர்ஸ் பெண் பாவம், அவரே சங்கடப்பட்டார். “ரிப்போர்ட் போட்டாச்சு அண்ணே, கான்ட்ரெக்டர் வரணும்” என்றார். அவர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

கான்ட்ரெக்டர் கதை நம்மில் பலருக்குத் தெரியாது. நம் மலேசிய அரசு ஆஸ்பத்திரிகளில் துப்புரவு, துணி வெளுப்பு, மருத்துவக் கழிவு, கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு என்று ஐந்து வேலைகளை 1996-லேயே தனியாரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அதாவது அந்த எக்ஸ்ரே மெஷினைப் பார்த்துக்கொள்ள நம் வரிப் பணத்திலிருந்து யாருக்கோ காசு போய்க்கொண்டிருக்கிறது. மெஷின் படுத்துக் கிடந்த நாட்களுக்கும் முழுப் பணம் போனதா, கழித்துக்கொண்டார்களா, கழித்தார்கள் என்றால் எவ்வளவு? கவுண்டரில் கேட்டேன். சிரித்தார்கள்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீமிதி முடிந்த அடுத்த வாரமே வரவு செலவை எழுதி மண்டபத் தூணில் ஒட்டிவிடுவார்கள். வாழைத்தார், மேளக்காரருக்குக் கொடுத்த முன்பணம், தண்ணீர்ப் பந்தலுக்கு வாங்கிய சீனி, ஐந்து வெள்ளி போட்டவர் பெயர் வரைக்கும் அதில் இருக்கும். ஒரு வருடம் ஐஸ் கட்டிக் கணக்கில் இருபது வெள்ளி இடித்தது, அதற்கு இரவு பதினொன்றரை வரை சண்டை, பொருளாளர் முகம் சிவந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் ரசீதோடுதான் திரும்பி வந்தார். (ரசீது அவர் சட்டைப் பையோடு துவைந்து காய்ந்திருந்தது, அது வேறு கதை.) சங்கப் பதிவிலாகாவுக்கும் ஆண்டுக் கணக்கு அனுப்பியாக வேண்டும், அனுப்பாவிட்டால் பதிவுக்கே ஆபத்து. இருபது வெள்ளிக்கு இந்தப் பாடு.

சுகாதார அமைச்சுக்கு 2025 வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கியது சுமார் 4,530 கோடி ரிங்கிட். இதற்குத் தணிக்கை இல்லை என்று நான் சொல்லவில்லை. தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகிறது, பிஏசி என்கிற பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கிறது. கோவிட் நேரத்தில் வாங்கிய 136 சுவாசக் கருவிகளில் நூற்றுக்கும் மேல் உபயோகமில்லாமல் போய் 1 கோடியே 30 லட்சம் ரிங்கிட் நஷ்டம் என்பது வெளியே வந்ததே அந்த வழியில்தான். நல்ல காரியம். ஆனால் அது தெரிய வந்தபோது கோவிட்டே அடங்கிவிட்டது, பத்திரிகையில் ஒரு வாரம் ஓடியது, அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம், நானும்தான். கோடிக் கணக்கில் போனால் பிஏசி வரை போகிறது. எங்கள் ஊர்க் கதவில் தொங்கும் தாளை எந்தக் குழு கூப்பிட்டு விசாரிக்கும்?

சிலாங்கூரிலும் பினாங்கிலும் தகவல் அறியும் சட்டம் வந்து பல வருடமாகிறது, ஆனால் அது மாநில அலுவலகங்களுக்குத்தான். ஆஸ்பத்திரி கூட்டரசின், அதாவது மத்திய அரசின், கையில் இருக்கிறது. நாங்களோ பேராக்கில் இருக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு பலகை. எந்த மெஷின் எந்தத் தேதியில் நின்றது, எப்போது புகார் போனது, யார் பழுது பார்க்க வேண்டும், இந்த மாதம் பராமரிப்புக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு கழித்தார்கள். இவ்வளவுதான். மலாயில் இருந்தாலும் சரி, நாங்கள் படித்துக்கொள்வோம். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் தேர்தல் நேரத்தில் வீடு வீடாக வந்தார், இந்தப் பலகைக்கு ஒரு கடிதம் போட அவருக்கு அரை மணி நேரம் ஆகுமா?

அத்தைக்கு அடுத்த மாதம் மறுபடி அங்கேதான் தேதி கொடுத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு, அந்தத் தாள் இன்னும் தொங்கினால் திரும்ப எழுதுகிறேன்.

தோட்டப்புற வாசகர்,
தென் பேராக்